வாக்கும் வாக்குறுதியும்

2022 ஏப்ரலில் புதுச்சேரியிலும் வாக்குச்சாவடி திறந்தது. பிரெஞ்சுக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க! 1962 ஆகஸ்ட் 16-இல் இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின், ஆறு திங்களுக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையை ஏற்றோரும் அவர் வழிவந்தோரும் அவ்வாக்காளருள் பலர்.

அவர்கள் கேட்டது என்ன? உக்ரைன் போர் மூண்டு இரு திங்கள் ஆகவில்லை. ஏப்ரல் 20 விவாதத்தில், இரசிய வங்கியிடம் கடன்பட்ட கட்சி என்று லெ பென்னைச் சாடினார் மக்ரோன். நான் யாருக்கும் கட்டுப்பட்டவள் அல்லள் என்றார் அவர். தேவையான கேள்விதான், மறுக்கவில்லை நாம். எனினும் அது ஆளைப் பற்றிய வழக்கு. கொள்கையைப் பற்றிய கணக்கன்று.

1964-இல், ஆசியப் போருக்கு அமெரிக்க இளைஞரை அனுப்போம் என்று முழங்கினார் ஜான்சன், வென்றார். 1965 மார்ச்சில் வியட்நாமின் தனாங்கில் படை இறங்கிற்று!

படையனுப்பிய நான்கு திங்களுக்குப் பின்னரே நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயம் என்கிறது, 2008-இல் திருத்தப்பெற்ற பிரெஞ்சு அரசியலமைப்பு. அதுவரை ஒருவர் சொல்லே வாள். ஆகவே, எப்போது படை அனுப்புவீர், எப்போது திருப்பி அழைப்பீர் என்று வாக்களிக்குமுன் கேட்பதே அறிவுடைமை.

இந்தோசீனப் போர்க்களம் கண்ட 'சொல்தா'க்களின் ஊர் இது. அந்தப் போருக்கு அவர்களை யாரும் கலந்துகொள்ளவில்லை. பேரன் கையிலோ இன்று வாக்குச்சீட்டு இருக்கிறது. ஓய்வூதியத்துக்கு நன்றிக்கடனாக அதை எறிவதா, உலக அமைதிக்கு உரைகல்லாக்குவதா? எண்ணிப் பாருங்கள், தோழர்களே!