வீழ்ச்சிக் காலத்துக்கோர் கணனி: 'கொலாப்ஸ் ஓ.எஸ்.' பற்றிய ஒரு மதிப்பீடு

கணனிப் பணிசெயல் முறைமை ஒன்றினை, நூலைப் படிப்பதுபோல முதலிலிருந்து இறுதிவரை படித்து மதிப்பிடுதல் இன்று பெரும்பாலும் இயலாததாகும். கியூபெக்கைச் சேர்ந்த விர்ஜில் டுப்ரா 2019இல் வெளியிட்ட 'கொலாப்ஸ் ஓ.எஸ்.' இதற்கு ஒரு விதிவிலக்கு. உலக வழங்கற் சங்கிலி 2030க்கு முன்னரே அறுந்துவிடும். அதன்பின் கழிபொருட் குவியலிற் பொறுக்கிய உறுப்புகளைக் கொண்டே கணனி அமைக்கவேண்டிவரும் என்னும் எதிர்பார்ப்பில் எழுந்த படைப்பு இது.

இதற்கென ஆசிரியர் முதலில் தேர்ந்தது 1976இல் வெளிவந்த இசட்-80 நுண்செயலி. 64 கிலோபைற்று நினைவகத்தையே நேரடியாக ஆளவல்ல இச்சில்லைத் தேர்ந்தமை பழமைப் பற்றினாலன்று. இன்றைய கைப்பேசிச் சில்லுகளைக் கையாற் கழற்றி மீளப் பொருத்துதல் மிக அரிது. இசட்-80இன் நாற்பது கால்களையோ சாதாரண பற்றாசு வைத்து இணைத்துவிடலாம். பழைய கணிப்பான்களிலும் விளையாட்டுக் கருவிகளிலும் இதே குடும்பச் சில்லுகள் உள்ளன.

2020இல் அவர் படைப்பு முழுவதையும் போர்த் மொழியில் மாற்றி எழுதினார். இம்மாற்றமே அதனை உயர்த்தியது என்பது என் கருத்து. சிறு சொற்களால் பெருஞ்சொற்களை வரையறுத்து, 'அகராதி' ஒன்றை வளர்த்துச் செல்வது அம்மொழியின் இயல்பு. (எம் துறையினர் இதில் அந்நியம் உணரார்.) மூலநிரல் 64 எழுத்துக்கள் கொண்ட பதினாறு வரிகளாலான சிறு தொகுதிகளாக நிற்கிறது. தன் பிரதியைத் தானே ஆக்கவல்ல முறைமை ஒன்றினை ஒருவர் தனித்திருந்து கற்று முடிக்கலாம் என்பது சிறிய சாதனையன்று.

ஆயின் நோக்கத்தைப் பற்றிக் கேள்வி எழுகின்றது. வீழ்ச்சியின் பின்னும் நுண்கட்டுப்படுத்திகளுக்குச் செய்நிரல் எழுதும் ஆற்றல் நிலைக்கவேண்டும் என்கிறார். எதைச் செய்வதற்கு? விடை மங்கலானது. எமக்கு வீழ்ச்சி கற்பனையன்று. 1990களின் முற்பகுதியில், மின்சாரமும் மின்கலமும் அற்றிருந்த யாழ்ப்பாணத்திலே சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். அங்கே செய்தியறியும் தேவை முன்னின்றது. கருவி பின்னே வந்தது. அயலவர் செய்ததைப் பார்த்தே மற்றவரும் செய்துகொண்டனர். டுப்ராவிடம் கருவி முன்னிற்கிறது. தேவை வாசகரின் ஊகத்துக்கு விடப்படுகிறது. அதனைக் கையாள்வதற்கோ மின்னணுவியலும் போர்த்தும், ஆங்கிலக் கையேட்டை வாசிக்கும் ஆற்றலும் வேண்டும். பார்த்துப் பழகும் வழி அங்கில்லை.

இதற்கிடையில், 2024இல் சைலொக் நிறுவனம் தனிச்சில்லான இசட்-80இன் விற்பனையை முடிவுறுத்துவதாக அறிவித்தது. அதற்கு உலக வீழ்ச்சி எதுவும் தேவைப்படவில்லை.

ஆசிரியர் பின்னர் எழுதிய 'டஸ்க் ஓ.எஸ்.' இன்றைய கணனிகள் இன்னும் எஞ்சியிருக்கும் முற்கட்டத்தை நோக்கியது. சீ மொழியை ஒத்த மொழிக்கான தொகுப்பி ஒன்று அதிலுண்டு. ஏலவே பிறர் எழுதிய செய்நிரல்களை ஓரளவு திருத்தத்துடன் அங்கே கொண்டுவரலாம். முன்னைய படைப்பின் சிக்கனம் இதில் இல்லை. ஆயினும், அவர் தேவையை நோக்கி ஓரடி நகர்ந்திருப்பது இங்கேதான்.