பெர்ட் படம் சொல்லும் நாள்

1958-இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்திற்காக உருவான ‘பெர்ட்’ வலைப்படம், பின்னர் கட்டுமானத் துறைக்கும் வந்தது. எந்த வேலை முடிந்தபின் எது தொடங்கும் என்பதை அதன் அம்புக்குறிகள் தெளிவாகக் காட்டுகின்றன. அதில் குறை காண்பதற்கில்லை. அது கணக்கிட்டுத் தரும் முடிவுநாள்தான் ஐயத்திற்குரியது.

ஒரு பாலத்தை எடுத்துக்கொள்வோம். ஆற்றில் தூண்கள் எழும்புகின்றன. கரையில் உத்திரங்கள் வார்க்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் 100 நாளுக்குள் முடியப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்க. உத்திரத்தைத் தூக்கி வைக்க இரண்டுமே முடிந்திருக்க வேண்டும். ஒன்றையொன்று பாதிக்காத வேலைகளாயின், அதற்கான வாய்ப்பு 25 சதவீதமே! அணுகுசாலையும் இதேபோல் வந்து சேர்ந்தால் 12.5 சதவீதம். பெர்ட்டோ மிக நீண்ட பாதையின் சராசரியை மட்டும் பார்ப்பதால், அப்போதும் 100 நாள் என்றே சொல்லும். அதை நம்பிக் கையெழுத்திட்ட ஒப்பந்தக்காரர் தாமத அபராதம் கட்டுவார்.