நான்கு நாவல்களும் ஒரு கேள்வியும்

நாவல் படிப்பது வெறும் பொழுதுபோக்கு என்பர் சிலர். பொழுது மட்டும் போனால் குற்றமில்லை. பொழுதோடு புத்தியையும் போக்கிவிடும் ஏடுகள் உண்டு. ஆகவே, எந்த நாவலைக் கையில் எடுத்தாலும், "இது யார் முன்னே நம்மைத் தலைகுனியச் சொல்கிறது?" என்று கேட்டுப் பார்ப்பது நம் வழக்கம். அண்மையில் நாம் படித்த நான்கு நாவல்கள், ஒன்றுக்கொன்று உறவில்லாத நான்கு வகையின. இந்தக் கேள்விதான் அவற்றை ஒரே வரிசையில் நிறுத்திற்று.

முதலாவது, கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை வார ஏட்டில் தொடராக வந்த வரலாற்றுப் புதினம், ஐந்து பாகங்கள். கதையின் ஓட்டம் நம்மையும் ஈர்த்தது; வந்தியத்தேவன் குதிரையோடு நம் மனமும் ஓடிற்று. ஆனால், சேந்தன் அமுதனைப் பாருங்கள்! கோயிலுக்குப் பூத்தொண்டு செய்பவன், வாய் பேசாத் தாய் வளர்த்த பிள்ளை, பதவியை விரும்பாதவன். அவன் தலையில் சோழநாட்டு மணிமுடி ஏறுகிறது. பூக்காரன் அரசனானான் என்று நாம் கைதட்ட எழுகிறோம்; ஆசிரியரோ நம்மை உட்கார வைத்துவிடுகிறார். அவன் கண்டராதித்தரின் மகனாம், இடம் மாறி வளர்ந்த இளவரசனாம்! ஆக, குணம் அவனை உயர்த்திற்று என்று சொல்ல வழியில்லை, குருதிதான் உயர்த்திற்று. அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகனோ பேராசையும் கோழைத்தனமும் கொண்டவன். அவன் சோழர் குருதியே அல்லன் என்று விளக்கம் கிடைக்கிறது. பழங்காலக் கதையில் வேறெப்படி எழுதுவது என்பர். இந்த ஆள்மாற்றம் வரலாறு தந்ததன்று, ஆசிரியரின் கற்பனை. கடிவாளம் இல்லாத கற்பனையும் பிறப்பின் பக்கமே ஓடிற்று என்பதுதான் நம் வருத்தம்.

இரண்டாவது, 1980-களில் சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா'. எதிர்காலத்தைக் கூறும் அறிவியல் கதை. அவர் குறித்த 2022-ஆம் ஆண்டு வந்தும் போய்விட்டது. கதையில் நாட்டை ஆள்பவர் ஜீவா. பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். பெயர்கள்கூட இரண்டே எழுத்து. மக்கள் வணங்கி வாழ்த்தும் அந்த ஜீவா, ஆளே இல்லாத ஒளி உருவம் என்று பின்னர் தெரிகிறது. நூல் படித்துச் சிந்திப்பதோ ஜீனோ என்னும் இயந்திர நாய்! சிரித்தோம், சிரிப்பு அடங்கியதும் சுட்டது. கல்லுக்குக் கைகூப்புவதைக் கண்டித்தவர் படத்துக்குக் கைகூப்பினால், மூடநம்பிக்கை வீடு மாறியது என்றுதானே பொருள்?

மூன்றாவது, மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்', 1936-இல் வெளிவந்தது. பாத்திரங்கள் பேசும்போது மேடை முழக்கம் கேட்கிறது. கலை நயம் தேடுவோர் உதடு பிதுக்கலாம். ஆனால் எழுதியவர் யார்? தேவதாசி மரபில் தாமே சிக்கி, அதை உதறி எழுந்த பெண். பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது 1947-இல். அதற்குப் பதினோராண்டு முன்னரே அவருடைய பேனா வழக்குத் தொடுத்துவிட்டது. வலை விரித்தவள் தாசி என்றால், அந்த வலையைப் பின்னிக் கொடுத்த கோயில் வழக்கத்துக்கும் செல்வர் திமிருக்கும் என்ன தண்டனை? ஏட்டை மூடிய பின்னும் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை.

நான்காவது, ப. சிவகாமியின் 'பழையன கழிதலும்', 1989. நால்வகையிலும் நம்மை உலுக்கியது இதுவே. ஆதிக்கச் சாதியார் அடித்து வதைத்த தங்கம் என்னும் ஏழைக் கைம்பெண், தன் இனத்துத் தலைவர் காத்தமுத்துவிடம் அடைக்கலம் தேடுகிறாள். அவர் அஞ்சாமல் வழக்காடுகிறார், இழப்பீடும் பெறுகிறார். பிறகு? பணமும் அவர் கைக்குப் போகிறது. தங்கமும் அவர் வசமாகிறாள். வெளியே சாதியை எதிர்த்த வீரர், வீட்டுக்குள் ஆண்மையின் அரசர்! இதைக் கேட்கத் துணிபவள் அவர் பெற்ற, படித்த மகள் கௌரி.

"இப்படி எழுதினால் எதிரிக்கு வாய்ப்பாகுமே" என்று தோழர் சிலர் அஞ்சக்கூடும். பகுத்தறிவு என்பது எதிரியின் வீட்டுக்கு மட்டும் கொண்டுபோகும் விளக்கா? நம் வீட்டு மூலையை இருட்டில் விட்டால், அடுப்படியில் அழும் தங்கத்துக்கு நம் மேடை முழக்கம் என்ன பயன் தரும்? சிவகாமி தம் படைப்பையும் விட்டுவைக்கவில்லை. 1997-இல் 'ஆசிரியர் குறிப்பு' என்ற தொடர் நூலில் அதையே மறு விசாரணைக்கு உட்படுத்தினார்.

தோழர்களே! நம் படிப்பகங்களில் இந்த நான்கும் இடம்பெறட்டும். முதல் மூன்றையும் படித்து வாதிடுங்கள். நான்காவதைப் படிக்கும்போது மட்டும், உங்கள் தங்கையையும் தாயையும் அருகில் அமர்த்தி உரக்கப் படியுங்கள். படித்து முடித்ததும் முதலில் அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம்!