வானத்தில் அணைக்கக்கூடிய மோட்டார்

முதுகில் மாட்டிய ப்ரொப்பெல்லரால் பாராகிளைடரைத் தள்ளும் மின் பாராமோட்டார் என்றாலே எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை நிமிஷம் பறக்கும்?" நான் பறந்ததைத் தொடர்ந்து ஓட்டினால் முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. பத்து லிட்டர் பெட்ரோலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சுற்றும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு முன்னால் இது நோஞ்சான்தான். ஆனால் மத்திய ஃப்ளோரிடாவில் ஒரு குளிர்காலம் முழுக்க இதை முதுகில் சுமந்த பிறகு, அந்தக் கேள்வியே தப்பாகப் படுகிறது.

டூ-ஸ்ட்ரோக்கையும் வானத்தில் அணைக்கலாம். திரும்பக் கிளப்பத்தான் பெரும்பாலும் கயிற்றைச் சுண்ட வேண்டும். எஞ்சின் முரண்டு பிடித்தால், இறங்க வயல் தேட வேண்டியதுதான். அதனால் பலரும் தரை தொடும்வரை அதை உறுமவிட்டே பறப்பார்கள். நானும் வருஷக்கணக்கில் அப்படித்தான் பறந்தேன்.

மின் மோட்டாரில் கைப்பிடியை விட்டால் ப்ரொப்பெல்லர் நிற்கிறது; அழுத்தினால் உடனே தள்ளுகிறது. முன்னூறு மீட்டர் உயரத்தில் விட்டுப் பார்த்தேன். இரைச்சல் அடங்கியதும் சிறகின் கயிறுகளில் காற்று விசிலடிப்பது கேட்டது. ஆரஞ்சுத் தோப்புக்குள் நாய் குரைப்பதும், டிராக்டர் கியர் மாறுவதும் அவ்வளவு துல்லியமாகக் கேட்டன. அங்கிருந்து சும்மா மிதந்து இறங்கவே மூன்று நிமிடம் பிடிக்கும். அதற்குள், ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வேரியோ பீப் அடித்து ஏறுகாற்று கிடைத்தால், அதிலேயே வட்டமடித்து மேலே போகலாம். கிடைக்காவிட்டால் ஓர் அழுத்து, போன உயரம் திரும்பி வந்துவிடும். காற்று ஒத்துழைத்த நாட்களில் ஒரு மணி நேரத்தைத் தாண்டியும் பேட்டரியில் மிச்சம் இருந்தது.

தனியாள் பறக்கும் கருவிகளின் வரலாறே நேரத்தோடு நடந்த மல்லுக்கட்டுதான். 1961இல் பறந்த பெல் ராக்கெட் பெல்ட், ஹைட்ரஜன் பெராக்சைடைக் குடித்துத் தாங்கியது சுமார் 21 நொடி. 2019 ஆகஸ்ட் 4 அன்று ஃப்ராங்கி ஸபாட்டா ஜெட் பலகைமேல் நின்று ஆங்கிலக் கால்வாயை ஏறத்தாழ 22 நிமிடத்தில் கடந்தார். எரிபொருளுக்காக நடுவழியில் படகில் இறங்கித்தான் போனார். மகத்தான சாதனைகள், சந்தேகமில்லை. ஆனால் அவற்றில் விசை நின்றால் ஆள் விழுவான். இங்கே தலைக்கு மேல் துணிச் சிறகு இருக்கிறது. விசை நின்றாலும் பறத்தல் நிற்பதில்லை.

என்னை எரிச்சலூட்டியது, திரையில் காட்டும் பேட்டரி சதவீதம். முழு விசையில் ஏறும்போது வோல்டேஜ் தாழ்வதால் 40 என்றிருந்தது 28க்குச் சரியும். கையை விட்டால் மறுபடி 37க்கு ஏறும். செலவான மின்னாற்றலை வாட்-மணியில் கணக்கிட்டுக் காட்டும் வசதி மின்சைக்கிள்களிலேயே வந்துவிட்டது. இவ்வளவு அருமையாக மோட்டார் செய்தவர்கள் இதில் கோட்டைவிட்டதுதான் ஆத்திரமாக இருக்கிறது. இறங்கும் புல்வெளியில் மாடு குறுக்கே வந்து மறுபடி ஏற வேண்டிவந்தால், அந்த எண்ணை நம்பித்தானே முடிவெடுக்க வேண்டும்?

பெட்ரோல் தீரத் தீரச் சுமை குறையும். பேட்டரி காலியானாலும் அதே கனத்தோடுதான் காலூன்ற வேண்டும். முழங்கால் பலவீனமானவர்கள் இதை யோசிக்கட்டும். பயணிகள் விமானத்திலும் இந்தப் பேட்டரியை ஏற்ற முடியாது; 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரிக்கு அங்கே இடமில்லை.

நெடுந்தூரம் போகிறவர்கள் பெட்ரோலிலேயே இருங்கள். பாராகிளைடிங் பழகியிருந்தும் குதிக்க மலை இல்லாத சமவெளியில் வசிப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். அமெரிக்காவில் இதற்கு உரிமம் கேட்பதில்லை என்பதற்காகப் பயிற்சியை மட்டும் தவிர்க்காதீர்கள். பெட்டியைப் பிரித்த அன்றே வாட்-மணி மீட்டர் ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டிவிடுங்கள்.