மாதம் ஒன்றுக்கு, மணமேடை மற்றதற்கு

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோதை, அதாவது ஆண்டாள், பாடியவை மொத்தம் 173 பாசுரங்கள். திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143. இவற்றுள் முதல் சொல் காதில் விழுந்ததுமே தமிழ்நாட்டில் எவரும் அடையாளம் கண்டுகொள்வது இரண்டைத்தான்: ‘மார்கழித் திங்கள்’ ஒன்று, ‘வாரணமாயிரம்’ மற்றொன்று. சினிமாவும் இரண்டையும் விட்டுவைக்கவில்லை. 1999-இல் வந்த ‘சங்கம’த்தில் ஏ.ஆர்.ரஹ்மான் முதலாவதன் தொடக்கச் சொற்களைக் கொண்டே ஒரு பாட்டைக் கட்டினார். 2000-இல் வந்த ‘ஹே ரா’மில் இளையராஜா இரண்டாவதைக் கல்யாணக் காட்சிக்கு இசைத்தார். ஒரே பெண் பாடியவை என்பதைத் தவிர இந்த இரண்டுக்கும் ஒற்றுமை மிகக் குறைவு. ஒன்று ஊரைக் கூட்டி எழுப்பும் குரல், மற்றது தோழி ஒருத்தியின் காதில் மட்டும் சொல்லும் ரகசியம். எது சிறந்தது என்று ரசிகர்களிடம் வாக்குக் கேட்டால் ‘மார்கழித் திங்கள்’ ஜெயிக்கும், சந்தேகமே வேண்டாம். ஆனால் என் வாக்கு ‘வாரணமாயிர’த்துக்குத்தான். காரணத்தைச் சொல்வதற்கு முன்பு, பாட்டுக்கு வாக்குப் போடும்போது நாம் உண்மையில் எதை எண்ணுகிறோம் என்று பார்த்துவிட வேண்டும்.

2002-இல் பி.பி.சி. உலக சேவை தன் எழுபதாம் ஆண்டையொட்டி, உலகத்தின் தலைசிறந்த பத்துப் பாடல்கள் எவை என்று நேயர்களிடம் கேட்டது. 150-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வாக்குகள் வந்தன. நான்காம் இடத்தில் ‘தளபதி’ படத்தின் ‘ராக்கம்மா கையத் தட்டு’. அடுத்து ஐந்தாம் இடத்தில் திருமலைச் சந்திரன் பாடிய ‘பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது’ என்ற ஈழத்துப் போர்க்காலப் பாடல். இரண்டும் தமிழ். முன்னது தாளத்தின் கொண்டாட்டம். ஆட்டத்தின் நடுவே அப்பர் தேவாரத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, அது ஒட்டவும் செய்யும்படி அமைத்த துணிச்சல் அதில் இருக்கிறது. பின்னது போர் தந்த துயரத்திலிருந்து எழுந்த பாட்டு. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு படிதான் இடைவெளி என்று வாக்குக் கணக்கு சொல்கிறது. அந்த ஒரு படி எதை அளக்கிறது? மெட்டையா, சொல்லையா, குரலையா? எதையும் இல்லை. முன்னதற்குப் போட்டவர்கள் தங்கள் சந்தோஷத்துக்கு வாக்களித்தார்கள், பின்னதற்குப் போட்டவர்கள் தாங்கள் இழந்த ஊருக்கு வாக்களித்தார்கள். அதே பட்டியலில் அயர்லாந்தின் விடுதலைப் பாட்டு முதலிடமும் ‘வந்தே மாதரம்’ இரண்டாமிடமும் பாகிஸ்தானின் ‘தில் தில் பாகிஸ்தான்’ மூன்றாமிடமும் பெற்றன என்பதைச் சேர்த்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். வாக்கு பொய் சொல்லவில்லை. எந்தப் பாட்டை எத்தனை பேர் தங்களுடையதாக நினைக்கிறார்கள் என்று அது சரியாகவே சொல்கிறது. பாட்டு எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது என்பது வேறு கேள்வி; அதை வாக்குப்பெட்டியிடம் கேட்பதில் பயனில்லை.

கோதையின் இரண்டு பாட்டுகளுக்கும் இதே கதைதான். திருப்பாவைக்கு ஒரு முழு மாதமே கிடைத்தது. ராமானுஜருக்குத் திருப்பாவை ஜீயர் என்றே பெயர் வந்தது. அதன் கடைசி இரண்டு பாசுரங்கள் வைணவக் கோயில்களில் ஆண்டு முழுதும் சாற்றுமுறையில் ஒலிக்கின்றன. போன நூற்றாண்டில் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் முப்பதுக்கும் மெட்டமைத்தார். முதல் ஐந்துக்கும் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று தியாகராஜரின் பஞ்சரத்ன ராகங்களையே வரிசை மாறாமல் வைத்தார். கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இதைவிடச் சுலபமான வாசல் வேறு இல்லை. எம்.எல்.வசந்தகுமாரியின் குரலில் இசைத்தட்டாகவும் வானொலியாகவும் அது வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. ‘வாரணமாயிர’த்துக்குக் கிடைத்ததோ கல்யாண நாள் ஒன்றுதான். முப்பது நாள் விடியலும் ஒரு முகூர்த்த வேளையும் போட்டியிட்டால் முப்பது நாள்தான் ஜெயிக்கும். அதைப் பாட்டின் வெற்றி என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

இவ்வளவும் சொன்னதால் ‘மார்கழித் திங்கள்’ சாதாரணப் பாட்டு என்று ஆகிவிடாது. எட்டே அடியில் அது செய்யும் வேலை மலைக்க வைக்கிறது. மாதம், நிலவு நிறைந்த நாள், நீராட வரச்சொல்லும் அழைப்பு, ஆய்ப்பாடியின் செழிப்பு, கண்ணனின் தகப்பன், தாய், அவன் நிறம், கண், முகம், அவன் தரப்போகும் பறை, அதைக் கண்டு உலகம் புகழப்போவது — அத்தனையும் மூச்சு முட்டாமல் அடுக்கப்பட்டிருக்கின்றன. இதில் நந்தகோபனைக் கவனிக்க வேண்டும். மாடு மேய்க்கும் சாதுவான மனுஷன் கையில் கோதை ஒரு கூரிய வேலைக் கொடுத்துவிடுகிறாள். பிள்ளை பிறந்த பிறகு தகப்பனுக்கு வரும் பயமும் முரட்டுத்தனமும் அந்த ஒரு வேலிலேயே தெரிந்துவிடுகின்றன. நாட்டை ராகத்தின் நிமிர்வும் அதற்குப் பொருத்தம். ஆனாலும் இது வாசல். வீடு உள்ளே இருக்கிறது. பின்னால் வரும் இருபத்தொன்பதையும் திறந்துவிடத்தான் இந்தப் பாசுரம் செய்யப்பட்டிருக்கிறது. பேசுவது ‘நாம்’ என்ற கூட்டம். தனியொரு பெண்ணின் நெஞ்சு இங்கே இன்னும் தெரியவில்லை; தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

‘வாரணமாயிரம்’ ‘நான்’ என்று பேசுகிறது. நான்கடிப் பாசுரங்கள் பத்தும் ஒவ்வொன்றாகக் கனவைத் தோழியிடம் ஒப்பித்து முடிகின்றன. பதினொன்றாவது பலன் சொல்வது. கனவு என்றால் குழம்பியிருக்க வேண்டும். இந்தக் கனவோ கல்யாண வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தது போல ஒழுங்காக நடக்கிறது. ஊரெங்கும் தோரணமும் பொற்குடமும், கமுகம்பந்தல், பெண் பேச வரும் தேவர்கள், துர்க்கை உடுத்திவிடும் கூறைப்புடவை, கையில் காப்புநாண், நிலம் அதிர நடந்து வரும் மாப்பிள்ளை, முத்துச்சரப் பந்தலின் கீழ் கைத்தலம், தீவலம், அம்மி, பொரி, குங்குமம், சந்தனம். இன்று நம் கல்யாணங்களின் உச்சமாக இருக்கும் தாலி கட்டுதல் மட்டும் இந்தப் பட்டியலில் இல்லை. தாலி முடியும் மேடையில் பாடப்படும் பாட்டுக்குள் தாலியே இல்லை என்பதை யோசித்துப் பார்க்கலாம். அங்கே உச்சம் வேறொரு இடத்தில் இருக்கிறது. எட்டாவது பாசுரத்தில் அவன் தன் கையாலேயே அவள் காலைப் பிடித்து அம்மியின் மேல் வைக்கிறான். இந்தப் பிறவிக்கும் இனி வரும் ஏழேழ் பிறவிக்கும் பற்றானவன் என்று அவனை முதலில் சொல்லிவிட்டுத்தான் காலைப் பிடிக்க வைக்கிறாள். அவ்வளவு பெரியவனை அவ்வளவு குனிய வைப்பதற்கு ஒரு பாசுரம் போதுமாக இருந்திருக்கிறது. தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்துப் பார்த்தால் இன்னொன்று புலப்படும். முதல் பாசுரத்தில் ஆயிரம் யானைகள் சூழ வருகிறவன் நடந்துதான் வருகிறான். பத்தாவதில் அவனோடு அவளும் யானைமேல் இருக்கிறாள், மஞ்சனமாட்டுகிறார்கள். நடையில் தொடங்கி யானைமேல் முடிகிற அந்த ஏற்றத்துக்குள் ஒரு முழுக் கல்யாணமும் அடங்கிவிட்டது. கச்சேரிகளில் இதைப் பெரும்பாலும் ராகமாலிகையாகப் பாடுகிறார்கள். சடங்குக்குச் சடங்கு வெளிச்சம் மாறுகிற பாட்டு என்பதால் அது நியாயமான ஏற்பாடுதான்.

இதற்கு மறுப்புகள் உண்டு. மாவையும் பலாவையும் எப்படி ஒப்பிடுவது என்பது முதலாவது. ஒப்பிட முடியும் என்றுதான் சொல்வேன். ஒரே மாதிரியான இரண்டு பாட்டுகளை அருகருகே வைத்தால் கூடுதல் குறைவுதான் தெரியும்; வேறு வேறான இரண்டை வைத்தால்தான் ஒவ்வொன்றும் என்ன வேலையை ஏற்றுக்கொண்டது என்பதே தெரியவரும். திருப்பாவையின் ‘நாம்’ காதில் இருந்தால்தான் ‘வாரணமாயிர’த்தின் ‘நான்’ எவ்வளவு தனிமையானது என்று உறைக்கும். பாசுரங்களுக்குள் உயர்வு தாழ்வு பார்ப்பது பக்திக்கு அடுக்குமா என்று கேட்பவர்கள், பெரியவாச்சான் பிள்ளை இரண்டு நூல்களுக்கும் வியாக்கியானம் செய்தவர் என்பதை நினைத்துக்கொள்ளலாம். இந்தச் சொல் இங்கே ஏன், அந்தச் சொல் அங்கே ஏன் என்று நுணுகி நுணுகிக் கேட்டது அந்த மரபு. கேள்வி கேட்பது பக்திக்குக் குறைவு என்று அது நினைத்ததில்லை. மூன்றாவது மறுப்புதான் கனமானது. ஆயிரம் ஆண்டுகளாக மக்கள் ஒன்றை விடாமல் பாடுவதே தீர்ப்பு ஆகாதா? பாதி ஒப்புக்கொள்கிறேன். மட்டமான பாட்டை எந்த மடமும் எந்த வானொலியும் இத்தனை காலம் தூக்கிச் சுமந்திருக்காது. ஆனால் நீண்ட காலம் வாழ்வது பாட்டு நல்லது என்பதற்குச் சாட்சி, இன்னொன்றைவிட நல்லது என்பதற்குச் சாட்சி அல்ல. மீதிப் பாதிக்கு நம் பட்டிமன்ற மேடையே பதில் வைத்திருக்கிறது. பழைய பாடலா புதிய பாடலா என்று தென்மாவட்டத் திருவிழாக்களில் விடிய விடிய வாதாடுவார்கள், கூட்டம் கைதட்டிக்கொண்டே இருக்கும். கடைசியில் நடுவர் கைதட்டலை எண்ணித் தீர்ப்புச் சொல்வதில்லை, காரணம் சொல்கிறார். பட்டிமண்டபம் என்ற சொல் மணிமேகலையிலேயே இருக்கிறது. வாக்கை எண்ணுவதற்கு வெகு காலம் முன்பே காரணத்தை எடைபோடப் பழகிய மொழி இது.

என் காரணத்தில் கடைசியாக ஒன்று பாக்கி. ‘வாரணமாயிரம்’ நாச்சியார் திருமொழியில் ஆறாவது. அடுத்த திருமொழியில் அவள் சங்கைப் பார்த்து, அவன் வாயின் சுவையும் மணமும் எப்படி இருக்கும் என்று கேட்கிறாள். எட்டாவதில் மேகங்களைத் தூது அனுப்புகிறாள். அதாவது கல்யாணம் நடக்கவில்லை, விழித்துக்கொண்டாள். இது தெரிந்த பிறகு அந்தத் தோரணமும் பொரியும் அம்மியும் முன்பு போல இருப்பதில்லை. இத்தனை மங்கலமான சொற்களைக் கொண்டு, ஒரு கண்ணீர்த் துளியையும் காட்டாமல், இவ்வளவு ஏக்கத்தை வைத்த பாட்டு தமிழில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கல்யாண வீட்டில் அதைக் கேட்பவர்கள் வீட்டுக்குப் போய் ஏழாம் திருமொழியையும் ஒருமுறை படித்துவிட வேண்டும். வாக்கை அதற்குப் பிறகு யாருக்கு வேண்டுமானாலும் போடட்டும். இரண்டு பாட்டையும் அவற்றின் சொந்த மண்ணிலேயே கேட்க விரும்புகிறவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இரண்டு முறை வர வேண்டியிருக்கும். மார்கழி விடியலில் ஒரு முறை. பங்குனி உத்திரத்தன்று இன்னொரு முறை. அன்றுதான் அந்த ஊரில் ஆண்டாளுக்கும் ரங்கமன்னாருக்கும் திருக்கல்யாணம் நடக்கிறது.