கார்லாவின் இருட்டில் லென்ஸும் பாடியும்

கண்ணாடிக்குக் காசு போடுவது புணே அருகிலுள்ள தளேகாவுக்குப் பழகிய செயல். 1908-இல் பொதுமக்களிடம் பைசா பைசாவாகத் திரட்டிய நிதியில்தான் இங்கே கண்ணாடித் தொழிற்சாலை எழுந்தது. இன்று இவ்வூரில் கேமரா வைத்திருப்பவர், ஒளி குறைந்த இடங்களுக்காகக் கையிலுள்ள தொகையை லென்ஸில் போடுவதா, புதிய பாடியில் போடுவதா? இதை அளக்கத் தகுந்த உரைகல் பக்கத்திலேயே இருக்கிறது. லோணாவளா ரயிலில் ஏறி மளவலியில் இறங்கினால் கார்லா குகை.

சுமார் 2,000 ஆண்டுப் பழமையுள்ள அந்தப் பௌத்தச் சைத்தியத்துக்குள் வெளிச்சம் பெரும்பாலும் முகப்பின் லாட வடிவச் சாளரம் வழியாகவே வருகிறது. தொல்லியல் துறையின் அனுமதியின்றி முக்காலி வைக்க முடியாது. கையில் பிடித்தே எடுத்தாக வேண்டும்.

கணக்கு முதலில் லென்ஸ் பக்கமே சாய்கிறது. 18–55 கிட் லென்ஸ் 35 மி.மீ. நிலையில் சுமார் எஃப் 4.5 வரைதான் திறக்கும். எஃப் 1.8 ஒற்றைக்குவிய லென்ஸ் அதைவிட ஆறு மடங்கு ஒளியை உள்ளே விடும். ஐஎஸ்ஓ 6400 தேவைப்பட்ட இடத்தில் 1000 போதும். ஏபிஎஸ்-சி சென்சாரிலிருந்து முழுச்சட்டகத்துக்கு மாறினால் பரப்பு கூடுவது 2.3 மடங்கு, அதாவது ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல். அதற்கான விலையோ பல மடங்கு.

ஆனால் இந்தக் கணக்கு ஓரிடத்தில் இடறுகிறது. 35 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் திறந்து ஐந்து மீட்டர் தொலைவிலுள்ள தூணைக் குவித்தால், தெளிவாக நிற்பது ஒன்றரை மீட்டர் ஆழம் மட்டுமே. தூண் வரிசை முழுவதும் வேண்டுமென்றால் துளையைச் சுருக்க வேண்டும். வாங்கிய ஆறு மடங்கும் அங்கேயே கரைந்துவிடும். அசையாத கல்லுக்கு, சென்சாரையே நிலைப்படுத்தும் புதிய பாடி மெதுவான ஷட்டரைக் கையிலேயே சாத்தியமாக்குகிறது. ஸ்தூபியின் பக்கமிருந்து வாசலை நோக்கி எடுக்கும்போதும் பாடிதான் வெல்கிறது. சாளரத்தின் வெண்மையையும் மர விட்டங்களின் கருமையையும் ஒரே சட்டகத்தில் தாங்குவது சென்சாரின் ஒளிவீச்சு (டைனமிக் ரேஞ்ச்). அதை எந்த லென்ஸும் கூட்டித் தராது.

குகைக்கு வெளியே உள்ள ஏக்வீரா கோயிலில் நிலைமை தலைகீழ். அந்தியில் நகரும் பக்தர் கூட்டத்தைச் சென்சார் நிலைப்படுத்தல் உறைய வைக்காது; ஷட்டர் வேகம் வேண்டும், அதைத் தருவது அகன்ற துளை.

ஆகவே என் தீர்ப்பு: மனிதரை எடுப்பவர் லென்ஸையே முதலில் வாங்கட்டும், பாடி பத்து வருடப் பழையதானாலும் சரி. குகைக் கட்டடக்கலையே குறியென்றால் பாடி முந்தலாம்.

லென்ஸ் நீடித்து உழைக்கும் முதலீடு என்பார்கள். இந்த மாவளப் பகுதியின் மழைக்காலம் அதற்கு ஒரு நிபந்தனை விதிக்கிறது. நான்கு மாத ஈரத்தில், பையில் அடைத்து வைத்த லென்ஸில் பூஞ்சை படரும். மேற்பூச்சை அரித்தபின் துடைத்தும் பயனில்லை. ஈரம் உறிஞ்சும் பெட்டியின் விலையையும் லென்ஸின் விலையோடு கூட்டியே நான் எடை போட்டேன். அந்தப் பெட்டி இல்லாத வீட்டுக்கு இந்தத் தீர்ப்பு செல்லாது.