வழங்கப்பட்டுள்ள விவரங்களின்படி

சி.ஏ. படிப்பின் 2023 பாடத்திட்டத்தைப் புகழாத மேடை இப்போது இல்லை. ஃபைனலில் எட்டுத் தாள்கள் ஆறாகின, ஆடிட்டரிடம் வேலை பழகும் ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று வருடத்திலிருந்து இரண்டானது, 2025இல் ஃபைனல் தேர்வும் வருடத்துக்கு மூன்று முறை என்றானது. வரித் தாள்கள் இரண்டிலும் 30 மதிப்பெண்ணுக்கு ‘கேஸ் சினாரியோ’. இனி பிள்ளைகள் நடைமுறை தெரிந்து வெளியே வருவார்கள் என்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மணலியில் வெல்டர் வீட்டுப் பிள்ளைக்கு ஆடிட்டர் மாமா கிடையாது. மயிலாப்பூர் பிள்ளையும் அவனும் ஒரே கேள்வித்தாளின் முன் உட்காருகிறார்கள். திருத்துகிறவருக்கு யார் எந்த ஊர் என்று தெரியாது. இந்த நாட்டில் இது சின்ன விஷயமல்ல. மனப்பாடத்தையும் நான் பழிக்கமாட்டேன். இப்படி ஒரு பிரிவு இருக்கிறது என்றே தெரியாதவனால் அதைத் தேடவும் முடியாது. பிரிவு எண்களை ஒப்பிப்பது வேறு சங்கதி. 2026 ஏப்ரல் 1 அன்று 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் விலகி 2025ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், 80சி என்பது 123 ஆகிவிட்டது. 194சி, 393ஆம் பிரிவின் அட்டவணைக்குள் ஒரு வரியாகப் போய் உட்கார்ந்துகொண்டது. ஒப்பித்தவர்கள் பாடு திண்டாட்டம். போகட்டும், எண்ணைத் திரும்பவும் படித்துக்கொள்ளலாம்.

என் குறை வேறு. பல வருடமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்பவர்களுக்கு அலுத்தும்விட்டது. வரித் தாளில் விவரங்கள் சமைத்துப் பரிமாறப்படுகின்றன. மாணவன் சாப்பிட்டால் போதும். ‘திரு. எக்ஸ் இத்தனை லட்சத்துக்கு இயந்திரம் வாங்கினார், அது தொழிலுக்கு மட்டுமே பயன்பட்டது’ என்று கேள்வியே சொல்லிவிடும். திரு. எக்ஸ் பொய் சொல்வதில்லை, மறப்பதில்லை, பில்லைத் தொலைப்பதில்லை. அவருக்கு மச்சான் பெயரில் இன்னொரு பட்டறையும் இல்லை. வரித் தொழிலில் முக்கால்வாசி வேலை இந்த ‘பயன்பட்டது’ என்ற ஒரு சொல்லை நிலைநாட்டுவதுதான். தேர்வு அதை இலவசமாகக் கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் கூட்டல் கழித்தலுக்கு ‘டைரக்ட் டாக்ஸ் லாஸ் அண்ட் இன்டர்நேஷனல் டாக்சேஷன்’ என்று பெயர் வைத்திருக்கிறது.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். மணலி சுத்திகரிப்பு ஆலை 1969 முதல் ஓடுகிறது, வருடத்துக்கு 105 லட்சம் டன் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கும் திறன். பெட்ரோல், டீசல், விமான எரிபொருள், கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு ஐந்தும் இன்னும் ஜிஎஸ்டி வலைக்குள் வரவில்லை. சமையல் வாயு, நாஃப்தா, ஃபர்னஸ் ஆயில், தார் எல்லாம் உள்ளே. அதாவது ஒரே கோபுரத்தில் காய்ச்சி வடிக்கும் சரக்கில் பாதிக்கு ஒரு சட்டம், பாதிக்கு இன்னொரு சட்டம். இப்படிப்பட்ட ஆலை வாங்கும் பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியில் எவ்வளவை வரவு எடுக்கலாம், எவ்வளவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதை விதி 42 சொல்கிறது. பையன்கள் அதைக் கரைத்துக் குடித்திருக்கிறார்கள். டி1 முதல் டி4 வரை கழி, வருவதை விகிதத்தால் பெருக்கு என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். ஆனால் எந்த வரி எதற்கு என்று பிரிக்கும் டி1, டி2 எல்லாம் கேள்வியிலேயே ரூபாயில் அச்சாகியிருக்கும். நிஜத்தில் ஸ்டோரில் ஒரு வால்வு வந்து இறங்குகிறது. அது டீசல் லைனுக்கா, நாஃப்தா லைனுக்கா, இரண்டுக்கும் பொதுவா? இதற்குப் பதில் எந்தச் சூத்திரத்திலும் இல்லை. இன்ஜினியரைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும், அவர் சொன்னதைப் பிற்பாடு எவரும் மறுக்க முடியாதபடி எழுதி வாங்க வேண்டும். ஆலையின் தீக்கொழுந்தை தினமும் மொட்டை மாடியிலிருந்து பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக்கூட விதி 42 என்றால் எழுத்துக்களின் வரிசைதான். (சுங்கச் சட்டத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். எண்ணூருக்கும் காட்டுப்பள்ளிக்கும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் ஊரில், அது ஜிஎஸ்டி தாளின் வாலில் ஒட்டிய பகுதி. ‘சாய்ஸில் விட்டுடலாம் சார்’ என்கிறான் பையன்.)

இன்னொன்றை நேரில் பார்த்தேன். சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறைக்காரர் ஒருவர் மஞ்சப்பையோடு வந்தார். அவருக்கு இரும்பு விற்றவரின் ஜிஎஸ்டி பதிவு ரத்தாகிவிட்டது. நீ எடுத்த வரவைத் திருப்பிக் கட்டு என்று நோட்டீஸ். ஃபைனல் படிக்கும் பையன் எதிரே உட்கார்ந்திருந்தான். கெட்டிக்காரன், வரவு எடுக்க 16ஆம் பிரிவு போடும் நிபந்தனைகளைப் புட்டுப்புட்டு வைத்தான். பையைக் கொட்டி பில்லை ஒரு பக்கம், பேங்க் ஸ்டேட்மென்ட்டை ஒரு பக்கம் அடுக்கினான். மற்ற துண்டுச் சீட்டுகளை ஒதுக்கித் தள்ளினான்.

“தம்பி, அதை ஏன் தள்ளி வைக்கறீங்க? லாரி வந்த அன்னிக்குப் போட்ட எடை சீட்டு அது.”

லாரி நம்பர், காலி எடை, சரக்கோடு எடை, மணி, நிமிடம் எல்லாம் மங்கிப்போன மையில் இருந்தன. ஈகாம் கில் காஃபி டிரேடிங் வழக்கில் 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: பில்லும் செக்கும் மட்டும் போதாது, சரக்கு உண்மையிலேயே நகர்ந்ததை வரவு கேட்பவன்தான் நிரூபிக்க வேண்டும், வண்டி விவரம், லாரி வாடகை, சரக்கு வந்து சேர்ந்ததற்கான ஒப்புகை என்று காட்ட வேண்டும். அது கர்நாடக வாட் சட்டத்தில் எழுந்த வழக்கு; ஆனால் நிரூபிக்கும் சுமை ஜிஎஸ்டி சட்டத்தின் 155ஆம் பிரிவிலும் அதே தோளில்தான். பையனுக்கு அந்தத் தீர்ப்பு தெரியும். நோட்ஸில் இரண்டு வரி, பக்கத்தில் நட்சத்திரக் குறி. எடை சீட்டைத்தான் தெரியவில்லை. தவறு அவனுடையதல்ல. அவன் எழுதிய எந்தக் கேள்விக்கும் எடை சீட்டு தேவைப்பட்டதில்லை.

கேஸ் சினாரியோ இதைச் சரிசெய்யுமா? அது நீளமான கேள்வி, அவ்வளவே. ஒரு பக்கத்துக்குக் கதை சொல்லி, கடைசியில் நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடு என்றால், கதையில் வரும் ஒவ்வொரு தொகையும் ஏற்கெனவே உண்மையென்று சத்தியம் செய்யப்பட்டதுதான். ஆறாம் தாளைப் புத்தகம் பார்த்து எழுதலாம். பூட்டியிருந்தது புத்தகம் என்று நினைத்துக்கொண்டு அதைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அவன் முன்னால் ஒரு மஞ்சப்பையைக் கொட்டி, மூன்று மணி நேரத்தில் எது ஆதாரம், எது குப்பை, எது காணோம் என்று எழுதச் சொன்னால் போதும். திருத்துவது கஷ்டம் என்பார்கள். கஷ்டம்தான்.

அதெல்லாம் ஆர்ட்டிகிள்ஷிப்பில் கற்றுக்கொள்வான் என்பது கடைசி வாதம். அந்த ஆர்ட்டிகிள்ஷிப்பில்தான் ஒரு வருடத்தை வெட்டினார்கள். மிச்சமிருக்கும் இரண்டில் வங்கித் தணிக்கைக்குப் போனது, போர்ட்டலில் எண்களைத் தட்டியது, தேர்வுக்கு லீவு எடுத்தது எல்லாம் போக, நோட்டீஸ் வாங்கியவரோடு எதிரே உட்கார்ந்த நாட்கள் எத்தனை என்று எந்தப் பையனையும் கேட்டுப் பாருங்கள்.

நுங்கம்பாக்கம் மகாத்மா காந்தி சாலையில் வருமான வரித் துறையின் ஆயகர் பவனும், சி.ஏ. தேர்வை நடத்தும் ஐ.சி.ஏ.ஐ. கட்டடமும், ஜிஎஸ்டி பவனும் ஒரே தெருவில் இருக்கின்றன. விம்கோ நகரில் மெட்ரோ ஏறி வருகிற மணலிப் பையன் ஐ.சி.ஏ.ஐ. கட்டடத்தில் நுழைந்து வகுப்பு முடித்துத் திரும்பிவிடுகிறான். மற்ற இரண்டின் படியில் கால் வைத்தானா என்று எந்தத் தாளும் கேட்பதில்லை. போன வாரம் அவனுடைய ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “இருக்கலாம் சார், ஆனா பசங்களுக்கு டென்ஷன் குறைஞ்சிருக்கு. மே போனா செப்டம்பர், செப்டம்பர் போனா ஜனவரி” என்றார்.